பிள்ளையின் நாற்பது வயதையும் கணக்கில் வைத்து: ஐந்து கர்ப்பகால உணவு முறைகள்

தாயின் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. கர்ப்பகாலத்தில் எப்படிச் சாப்பிடுவது என்று முடிவெடுக்க உட்காருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். தாய்க்குச் சர்க்கரை ஏறினால் குழந்தைக்கும் ஏறும். ஏறியதை இறக்கக் குழந்தையின் சின்னஞ்சிறு கணையம்தான் இன்சுலின் சுரந்தாக வேண்டும். கருவுக்குள் இன்சுலின் ஒரு வளர்ச்சி ஹார்மோனாகவும் வேலை செய்கிறது. அதனால் குழந்தை பெரிதாகும், ஆனால் கூடிய எடையில் கொழுப்பின் பங்கே அதிகம். டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களில் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் நிற்கிறது.

எதிர்ப்பக்கம் பற்றாக்குறை. வரும் சத்து குறைந்தால் கரு இருப்பதை மூளைக்கு ஒதுக்கிவிட்டு மற்ற இடங்களில் பிடித்தம் செய்கிறது. சிறுநீரகம், தசை, கணையம் மூன்றும் அடிவாங்கும். சிறுநீரகத்தின் வடிகட்டிகளான நெஃப்ரான்கள் ஏறத்தாழ 36ஆம் வாரத்தோடு உருவாகி முடிந்துவிடும். பிறகு வாழ்நாள் முழுக்கப் புதிதாக ஒன்றுகூட உண்டாவதில்லை. குறைந்த எண்ணிக்கையோடு பிறந்தவருக்கு நடுவயதில் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு கூடுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஹேல்ஸ், பார்க்கர் இருவரும் 1992இல் இதைச் சிக்கன உடல்வாகு என்ற கருத்தாகச் சொன்னார்கள். பஞ்சத்துக்கு ஏற்றபடி செய்து அனுப்பப்பட்ட உடல் பிற்பாடு நிறைந்த சாப்பாட்டைச் சந்திக்கும்போது சர்க்கரை நோயில் போய் நிற்கிறது என்பது அதன் சாரம்.

கூடினாலும் கோளாறு, குறைந்தாலும் கோளாறு. இந்த இரண்டுக்கும் நடுவே குடும்பங்கள் நடைமுறையில் தேர்ந்தெடுக்கும் வழிகள் ஐந்து: இரண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிடுவது, எடை ஏறாமல் வாயைக் கட்டுவது, மாவுச்சத்தை ஒதுக்கிப் புரதத்தில் நிற்பது, மாவுச்சத்தின் வகையை மாற்றிச் சர்க்கரையை மெல்ல ஏறவிடுவது, மத்தியதரைக்கடல் பாணியில் கொட்டைகளையும் நல்ல எண்ணெயையும் காய்கறியையும் முன்னுக்குக் கொண்டுவருவது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பெரும்பாலானோருக்கு நான்காவதையும் ஐந்தாவதையும் ஒரே தட்டில் சேர்ப்பதுதான் சரி. முதல் மூன்றிலும் ஆளுக்கொரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் எந்த இடத்தோடு தீர்ந்துபோகிறது என்று பார்த்தால்தான் ஒப்பீடு பயன்படும்.

எதை வைத்து அளப்பது

பிறந்த குழந்தை எத்தனை கிலோ என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நீண்டகால நலனைப் பொறுத்தவரை அது பாதி உண்மையைத்தான் சொல்லும். இதற்கு இரண்டு சான்றுகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நெதர்லாந்தில் 1944 நவம்பர் முதல் 1945 மே வரை நீடித்த பஞ்சத்தின்போது ஒரு பெரியவருக்கான நாள் பங்கீடு 800 கலோரிக்கும் கீழே போனது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பஞ்சத்தைச் சந்தித்த தாய்மாருக்குக் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன. முதல் மாதங்களில் மட்டும் பஞ்சம் கண்டு, பிறகு சாப்பாடு கிடைத்த தாய்மாரின் குழந்தைகள் ஏறத்தாழ இயல்பான எடையில் பிறந்தன. தராசு எந்தக் குறையையும் காட்டவில்லை. ஆனால் 50 வயது வாக்கில் பரிசோதித்தபோது அந்தக் குழுவில்தான் இதய நோயும் கெட்ட கொழுப்பு விகிதமும் கூடுதலாகத் தெரிந்தன. 60 ஆண்டுகள் கழிந்த பிறகும் வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்.2 மரபணுவின் மேல் இருக்கும், மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் மெத்தில் என்ற வேதிக் குறிகள், பஞ்சம் காணாத அவர்களின் உடன்பிறப்புகளைவிடக் குறைவாக இருந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

இரண்டாவது சான்று புனேயிலிருந்து. மருத்துவர் யாக்னிக் குழுவினர் அளந்த அங்குள்ள குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை ஏறத்தாழ 2.7 கிலோ, ஒப்பிட்டுப் பார்த்த இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளுடையது 3.5 கிலோ. தசையும் வயிற்று உறுப்புகளும் வெகுவாகக் குறைந்திருந்தன, தோலுக்கடியில் இருந்த கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளுக்குள் கொழுப்பு. குழந்தை சின்னதாகப் பிறந்தால் சர்க்கரை வராது என்று எண்ணுவதும், குண்டாகப் பிறந்தால் ஆரோக்கியம் என்று மகிழ்வதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

ஆகவே எந்த உணவு முறையையும் நான்கு கேள்விகளால் எடைபோட வேண்டும். தாயின் ரத்தச் சர்க்கரை எந்த அளவில் நிற்கிறது? மாதாமாதம் எடை எவ்வளவு கூடுகிறது? புரதமும் நுண்சத்துகளும் நிறைகின்றனவா? மசக்கை, நெஞ்செரிச்சல், களைப்பு இத்தனைக்கும் நடுவே ஒன்பது மாதம் தாக்குப்பிடிக்கக்கூடிய முறையா? நான்காவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் திட்டங்கள் பெரும்பாலும் கவிழ்வது அங்கேதான்.

இரண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிடுவது

பாசத்தில் பிறந்த அறிவுரை இது. ஏற்கெனவே மெலிந்த உடலோடு கருவுற்றவருக்கு இதில் உண்மையும் இருக்கிறது. அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) என்ற அமைப்பின் கணக்குப்படி முதல் மூன்று மாதம் கூடுதல் கலோரி எதுவும் தேவையில்லை. அடுத்த மூன்று மாதம் நாளுக்கு ஏறத்தாழ 340, கடைசி மூன்று மாதம் 450. அந்த 340 கலோரி என்பது ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு பிடி கொட்டைகள். இன்னொரு முழுச் சாப்பாடு அல்ல.

எடை கூடும் அளவை அதே அமைப்பு 2009இல் கருவுறுவதற்கு முந்தைய பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) வாரியாகப் பிரித்தது. 18.5க்கும் கீழே இருந்தவருக்கு மொத்தம் 12.5 முதல் 18 கிலோ, 18.5 முதல் 24.9 வரை இருந்தவருக்கு 11.5 முதல் 16. 25 முதல் 29.9 என்றால் 7 முதல் 11.5, 30ஐத் தாண்டியிருந்தால் 5 முதல் 9. இரட்டைக் குழந்தைகளுக்கு அளவு வேறு, இதைவிட அதிகம். இயல்பான எடையில் தொடங்கியவருக்கு நான்காம் மாதத்திலிருந்து வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறினால் போதும். ஒரு வாரம் ஒரு கிலோ ஏறியது என்று பதறவும் வேண்டாம், நீர் கோத்திருக்கலாம். தொடர்ந்து மூன்று நான்கு வாரம் கோடு மேலே போனால்தான் தட்டைத் திருத்த வேண்டும். ஒரே நாளில் முகமும் கையும் வீங்கித் தலைவலியும் சேர்ந்தால் அது உணவு விஷயம் அல்ல. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்த வழி கெடுக்கும் இடம் சர்க்கரை. கர்ப்பம் முன்னேற முன்னேற நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலின் வேலையைத் தடுக்கும். கூடவே தட்டும் இரட்டிப்பானால் பலருக்குக் கணையம் ஈடுகொடுக்காது. அமெரிக்காவின் பீமா பழங்குடியினரிடையே நடந்த ஆய்வு ஒன்று 2000இல் வெளிவந்தது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகளில் தாய்க்குச் சர்க்கரை நோய் வருவதற்கு முன் பிறந்தவர்களையும் வந்த பின் பிறந்தவர்களையும் அதில் ஒப்பிட்டார்கள். பின்னால் பிறந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு விகிதம் 3.7 மடங்கு. மரபணு இரு சாராருக்கும் ஒரே ஊற்றிலிருந்து வந்தது. மாறியது கருப்பைக்குள் இருந்த சர்க்கரை.

வாயைக் கட்டுவது

பிரசவம் சிசேரியனில் முடிந்துவிடுமோ என்ற பயமும் எடை திரும்ப இறங்காதோ என்ற கவலையும் பலரை இந்தப் பக்கம் தள்ளுகின்றன. நெதர்லாந்துப் பஞ்சம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. கருவிலேயே பட்டினியைக் கண்டவர்களுக்கு 50 வயதில் குளுக்கோஸ் தாங்கும் திறன் குறைந்திருந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவின் லெனின்கிராடு நகரம் முற்றுகையில் பட்டினி கிடந்த காலத்தில் கருவில் இருந்தவர்களை 1997இல் பார்த்தபோது அப்படி ஒரு வேறுபாடு தென்படவில்லை. ஆய்வாளர்கள் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. நெதர்லாந்தில் பஞ்சம் முடிந்த கையோடு சாப்பாடு தாராளமாகக் கிடைத்தது, குழந்தைகள் வேகமாக எடை போட்டன. லெனின்கிராடில் பிறந்த பின்னும் பற்றாக்குறை நீடித்தது. குறைவாகத் தொடங்கி வேகமாக ஏறுவதுதான் கூடுதல் ஆபத்து என்பதை இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

உடல் பருமனோடு கருவுற்றவர்கள் கர்ப்பத்தில் இளைக்க முயல வேண்டியதில்லை. எடை ஏறும் வேகத்தைக் குறைத்தால் போதும். இரவுச் சாப்பாட்டை விட்டுவிடும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. கர்ப்பிணியின் உடல் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பட்டினி நிலைக்குப் போகும். 12, 14 மணி நேர இடைவெளியில், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன்கள் ஏறத் தொடங்கும், அவை நஞ்சுக்கொடியைத் தாண்டும். இரவு கடைசி வாய்க்கும் காலை முதல் வாய்க்கும் இடையே 10 மணி நேரத்துக்குமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும் கொஞ்சம் கொட்டையும் போதும். மசக்கையில் எதுவுமே தங்காமல், தண்ணீர்கூட நிற்காமல், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனால் அது மனவுறுதியால் கடக்கும் கட்டம் அல்ல. மருந்தும் தேவைப்பட்டால் டிரிப்பும் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

மாவுச்சத்தை ஒதுக்குவது

சர்க்கரைதான் பிரச்சினை என்றால் அதை அடியோடு எடுத்துவிட்டால் என்ன? கீட்டோ உணவில் எடை இறக்கிய அனுபவம் உள்ளவர்கள் இதைக் கேட்பது இயல்பு. வாதம் கேட்க நேராகத்தான் இருக்கிறது, மூன்று இடத்தில் முறிகிறது.

முதலாவது, அளவு. கருவின் மூளைக்கும் தாயின் மூளைக்கும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. கீட்டோ முறை 50 கிராமுக்கும் கீழே நிற்கும். இரண்டாவது, மாவுச்சத்து போன இடத்தில் புரதம் குவிவது. ஸ்காட்லாந்தின் மதர்வெல் நகரில் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு மருத்துவமனை கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் அளவுக்கு இறைச்சி சாப்பிடச் சொன்னது; ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் தவிர்க்கச் சொன்னது. அந்தப் பிள்ளைகளை முப்பது வயது வாக்கில் தேடிப்பிடித்து அளந்தார்கள். தாய் சாப்பிட்ட இறைச்சி கூடக்கூடப் பிள்ளையின் ரத்த அழுத்தமும் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோலும் கூடியிருந்தன. நியூயார்க்கின் ஹார்லமில் நடந்த சோதனையில் புரதம் செறிந்த பானம் கொடுக்கப்பட்ட குழுவில் குறைப்பிரசவங்களும் பச்சிளங்குழந்தை இறப்புகளும் அதிகமாயின. மொத்தக் கலோரியில் புரதம் கால் பங்குக்கும் கீழே இருக்கும் சமச்சீர் கூடுதல் உணவோ, மெலிந்த தாய்மாருக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. ஆகவே புரதப் பொடி டப்பாவை வாங்குவதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்: உடல் எடையில் கிலோவுக்கு 1.1 கிராம், பலருக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6, 100 கிராம் மீனில் 20, வெந்த பருப்பு ஒரு கப்பில் 18, ஒரு டம்ளர் பாலில் 7, ஒரு பிடி கொட்டைகளில் 6 கிராம். பொடி இல்லாமலே நிறைந்துவிடும்.

மூன்றாவது காரணத்தைத்தான் அதிகம் மறக்கிறார்கள். மாவை ஒதுக்கும்போது, சில நாடுகளில் அதில் சேர்த்து விற்கப்படும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே போய்விடுகிறது. மூளையும் தண்டுவடமும் உருவாகும் கருவின் நரம்புக்குழாய் கருவுற்ற நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்ள வேண்டியது. பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரியாது. அமெரிக்கத் தரவுகளை வைத்து 2018இல் வந்த ஆய்வில், மாவுச்சத்தை மிகவும் குறைத்திருந்த பெண்களின் குழந்தைகளுக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு ஏறத்தாழ 30 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. கீட்டோவில் இருப்பவர்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே அதை நிறுத்திவிடுவதுதான் சரி.

மாவுச்சத்தின் வகையை மாற்றுவது

ஆதாரமும் நடைமுறையும் கைகோக்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில் முடிந்தது. பங்கீடு நின்றதும் சராசரி நுகர்வு நாளுக்கு ஏறத்தாழ 40 கிராமிலிருந்து 80 கிராமாகத் தாவியது. அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் பின்னும் கருவில் உருவானவர்களை ஒப்பிட்டு 2024இல் வெளியிட்ட ஆய்வு, கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் பங்கீட்டுக் காலத்தில் இருந்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் 35 சதவீதமும் உயர் ரத்த அழுத்தம் 20 சதவீதமும் குறைந்திருந்ததைக் காட்டியது. அந்தப் பாதுகாப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கருப்பைக் காலத்திலேயே கிடைத்துவிட்டது. இங்கே யாரும் பட்டினி கிடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குறைந்தது சேர்க்கும் சர்க்கரை மட்டும். அதுவும் இன்று பரிந்துரைக்கப்படும் அளவை ஒட்டித்தான்.

நேரடிச் சோதனைகளின் பலன் இதைவிட அடக்கமானது. முதல் குழந்தை 4 கிலோவுக்கு மேல் பிறந்த 800 பெண்களிடம் டப்ளினில் மெல்ல ஏறும் மாவுச்சத்து உணவைச் சோதித்தார்கள். குழந்தையின் எடை மாறவில்லை. தாயின் எடை ஏற்றம் சராசரி 13.7 கிலோவிலிருந்து 12.2 ஆனது, குளுக்கோஸ் தாங்காத நிலை 28 சதவீதத்திலிருந்து 21க்கு இறங்கியது. குழந்தையின் நாற்பது வயதை எந்தச் சோதனையும் இன்னும் எட்டவில்லை. ஆனால் தாயின் சர்க்கரை இறங்கினால் குழந்தைக்குப் போகும் சர்க்கரையும் இறங்கும் என்பதால் இந்தப் பலனைச் சிறிதென்று தள்ள மாட்டோம்.

தட்டில் இது எப்படி இருக்கும்? 23 சென்டிமீட்டர் அகலத் தட்டு ஒன்று. பாதி காய்கறியும் கீரையும், கால்வாசி பருப்பு, முட்டை, மீன், கோழி இவற்றில் ஒன்று, மீதிக் கால்வாசி சோறு அல்லது ரொட்டி அல்லது கிழங்கு. வெந்த சோறு 160 கிராமில் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சமையலறைத் தராசில் ஒரு முறை எடைபோட்டுத் தட்டில் வைத்துப் பாருங்கள். நாம் வழக்கமாகப் போட்டுக்கொள்வதில் பாதிகூட இருக்காது, கண்ணுக்கு அந்த அளவு பழகிவிட்டால் பிறகு தராசு வேண்டியதில்லை. காலையில் 30 கிராம், மதியமும் இரவும் 45 கிராம், இடையில் மூன்று வேளை 20 கிராம் வீதம் பிரித்தால் நாள் மொத்தம் 180 வரும்.

காலை ஏன் குறைவு? விடியற்காலையில் கார்ட்டிசோல் ஏறி இன்சுலினைத் தடுக்கும். மதியம் தொந்தரவில்லாமல் செரிக்கும் அதே அளவு சோறு காலையில் ரத்தச் சர்க்கரையை 150, 160 மில்லிகிராம் என்று கொண்டுபோய் நிறுத்தும். காலைக்கு முட்டை, பருப்பு, தயிர் முன்னுக்கு வரட்டும். பழமும் ஜூஸும் அந்த வேளையில் வேண்டாம். பழுப்பு நிறத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். முழுக் கோதுமையை மைபோல அரைத்துச் செய்த ரொட்டியின் கிளைசீமிக் குறியீடு (உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்ற அளவு) வெள்ளை ரொட்டியின் அளவுக்குப் பக்கத்திலேயே, 75ஐ ஒட்டி நிற்கிறது. தானியம் முழுதாகவோ உடைத்தோ இருந்தால்தான் மெதுவாகச் செரிக்கும். பருப்பு வகைகள் 30 வாக்கில் நிற்கும். ஒரே வேளையில் காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்தாலே ஏற்றம் தணியும். கை கழுவியதும் 10, 15 நிமிடம் நடந்தால் இன்னும் தணியும்.

மத்தியதரைக்கடல் பாணி

லண்டனைச் சேர்ந்த குழுவினர் எடை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு சிக்கலோடு கருவுற்ற 1,252 பெண்களிடம் தினம் 30 கிராம் கொட்டைகளையும் ஆலிவ் எண்ணெயையும் மையமாக வைத்த உணவைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை நோயின் வாய்ப்பு 35 சதவீதம் குறைந்தது. எடை ஏற்றம் 8.3 கிலோவிலிருந்து 6.8க்கு இறங்கியது. ஸ்பெயினில் 2017இல் வந்த சோதனையிலும் கர்ப்பகாலச் சர்க்கரை 23.4 சதவீதத்திலிருந்து 17.1 ஆனது. பார்சலோனாவில் 2021இல் எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம் உள்ள பெண்களிடம் இதே பாணியைக் கொடுத்தபோது அப்படிப் பிறந்த குழந்தைகள் 21.9 சதவீதத்திலிருந்து 14 ஆகக் குறைந்தார்கள். ஒரு பக்கம் அதிகப்படியான சர்க்கரையையும் மறு பக்கம் குறை வளர்ச்சியையும் ஒரே முறை தணிக்கிறது என்பதுதான் இதை முன்னுக்கு வைக்க எங்களுக்குக் காரணம்.

இதில் தவறு நடப்பது கூட்டலில். கொட்டையும் எண்ணெயும் ஏற்கெனவே சாப்பிடுவதோடு சேர்ந்துவிட்டால் நாளுக்கு 300 கலோரி ஏறும். அவை இனிப்புக்கும் பொரித்ததற்கும் பதிலாக வர வேண்டும். மீன் வாரம் இரண்டு முறை போதும். சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேரும் என்பதால் அவை வேண்டாம்.

மாத்திரை டப்பாவில் ஒரு கண்ணி

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம், கருவுறுவதற்கு முன்பிருந்தே. இதில் விவாதம் இல்லை. ஆனால் ஃபோலேட்டும் பி12உம் ஒரே இயந்திரத்தின் இரு சக்கரங்கள். மெத்தில் குறியை ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றும் வேலையில் பி12 இல்லாவிட்டால் ஃபோலேட் பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் நகராது. புனே ஆய்வில் தாய்மாரில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்குப் பி12 குறைவு. ஃபோலேட் உயர்ந்தும் பி12 தாழ்ந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம்தான் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிக அதிகமாக இருந்தது என்று 2008இல் அந்தக் குழுவினர் எழுதினார்கள்.

பி12 செடிகொடியில் கிடையாது. நாளுக்கு 2.6 மைக்ரோகிராம் தேவை. ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ 1, ஒரு முட்டையில் அரை. பால் மட்டும் எடுக்கும் சைவர்கள் இரண்டு மூன்று டம்ளர் எடுத்தால் ஓரளவு ஒப்பேற்றலாம். அதையும் தொடாதவர்களுக்கு மாத்திரை கட்டாயம். ரத்தப் பரிசோதனையை ஃபோலிக் அமிலம் தொடங்குவதற்கு முன் செய்துகொள்வது நல்லது. ஃபோலேட் ஏறிவிட்டால் ரத்தசோகை மறைந்துபோய்ப் பி12 குறைவு வெளியே தெரியாது.

இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்காதீர்கள், குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். டீ, காபி இரும்பு மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம்.

எப்போது தொடங்குவது

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கர்ப்பிணிகளுக்கு உணவு, வாழ்க்கைமுறை ஆலோசனை தந்து நடந்த பெரிய சோதனைகள் நான்காம் மாத வாக்கில் பலரிடம் தொடங்கின. ஆஸ்திரேலியச் சோதனையில் 4 கிலோவைத் தாண்டிய குழந்தைகள் 19 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்தபின் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. மும்பையில் கருவுறுவதற்கு முன்பிருந்தே கீரை, பழம், பால் சேர்ந்த சிற்றுண்டி கொடுத்தபோது கர்ப்பகாலச் சர்க்கரை 12.4 சதவீதத்திலிருந்து 7.3 ஆக இறங்கியது. நான்காம் மாதத்தில் நஞ்சுக்கொடியின் அமைப்பு பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கும். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் மூன்று மாதம் முன்பே தட்டை மாற்றினால் அதே முயற்சிக்குக் கூடுதல் பலன். ஏற்கெனவே ஆறாம் மாதத்தில் இருப்பவர் மனம் தளர வேண்டாம்; குழந்தையின் கொழுப்பு பெரும்பகுதி சேர்வது கடைசி மூன்று மாதத்தில்தான், சர்க்கரைக் கட்டுப்பாடு அப்போதும் வேலை செய்யும்.

விரல் நுனியில் தெரிவது

24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் செய்யும் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம், இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை இங்கே நம்பிக்கைக்குரியதல்ல, கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் சீக்கிரம் புதுப்பிக்கப்படுவதால் அது குறைத்துக் காட்டும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இலக்கு: வெறும் வயிற்றில் 95க்குள், சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 140க்குள், இரண்டு மணி நேரத்தில் 120க்குள். நேரத்தை முதல் வாயிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. ஊசி குத்தும் முன் சோப்பால் கழுவி நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஆரஞ்சு உரித்த விரலில் எடுத்த சொட்டு 200ஐத் தாண்டிக்கூடக் காட்டும். ஈரவிரல் ரத்தத்தை நீர்த்துக் குறைத்துக் காட்டும். ஒரே காலை உணவு மூன்று நாள் 140ஐத் தாண்டினால் அந்த வேளையில் 15 கிராம் மாவுச்சத்தைக் குறைத்து ஒரு முட்டையையோ அரைக் கப் தயிரையோ சேர்த்து மறுபடி பாருங்கள்.

வெறும் வயிற்று அளவு மட்டும் பிடிவாதமாக 95க்கு மேலே நின்றால் அதற்கு இரவுச் சாப்பாடு பெரும்பாலும் காரணமல்ல. இரவெல்லாம் கல்லீரல் வெளியே விடும் குளுக்கோஸ் அது. பட்டினி போட்டால் கீட்டோன்தான் ஏறும். ஒரு வாரத்துக்குமேல் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இன்சுலின் போடச் சொன்னால் உணவில் தோற்றுவிட்டோம் என்று நினைக்கும் தாய்மார் நிறைய. போடும் இன்சுலின் குழந்தைக்குப் போகாது, குழந்தைக்குப் போகும் சர்க்கரையைத்தான் குறைக்கும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடியைத் தாண்டும். எது பொருத்தம் என்பதை மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம்.

பிரசவத்துக்குப் பிறகு 4 முதல் 12 வாரத்துக்குள் அதே 75 கிராம் பரிசோதனையைத் தாய்க்கு மறுபடி செய்ய வேண்டும். குழந்தைக்கு எடை வளர்ச்சி அட்டை போதும். சின்னதாகப் பிறந்த குழந்தையைச் சீக்கிரம் தேற்ற வேண்டும் என்று சர்க்கரையும் கூடுதல் பவுடர் பாலும் ஊட்டுவதுதான் கருவில் நேர்ந்த குறையைப் பெரிதாக்கும். புது டெல்லியில் பிறந்த குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதில் மெலிந்திருந்து பிறகு 12 வயது வரை வேகமாக எடை போட்டவர்களுக்கே குளுக்கோஸ் கோளாறு அதிகம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காத உணவு; இரண்டு வயதுக்குப் பின் அட்டையில் எடைக்கோடு உயரக்கோட்டை விட்டுத் தனியாக மேலே ஏறத் தொடங்கினால், அந்த மாதமே குழந்தை மருத்துவரிடம் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.